சிவப்பு மருந்துக்குப் பின்

வைத்தியர் கடைசி மருந்துச் சீட்டை எழுதி முடித்து, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்று சொல்லி அனுப்பிய தினத்தில், இரண்டு மூன்று வருஷ காலம் ஆஸ்பத்திரி வராந்தாவையே வீடாக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு குடும்பம் மறுபடியும் தன் சொந்த வாசலுக்குத் திரும்புகிறது. வேண்டிக்கொண்ட தெய்வத்துக்குக் கடன் செலுத்தப் புறப்படுகிறார்கள். கீமோவினால் உதிர்ந்துபோய், அப்போதுதான் பூனைமயிராக முளைக்கத் தொடங்கிய முடியைப் பழனியில் மறுபடியும் இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை சிரிக்கிறபோது, பெற்ற தாய்க்கு அதற்கு மேல் ஒரு விசாரம் வேண்டியதில்லைதான். அந்தச் சந்தோஷத்தில் குறுக்கிடுவது இந்த அத்தியாயத்தின் உத்தேசமன்று. ஆயினும், புற்றை அழித்துக் குழந்தையை மீட்டுக்கொடுத்த அதே மருந்து, போகிறபோக்கில் இருதயத்தின் பேரில் ஒரு பற்றுக்கணக்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதையும், அந்தக் கணக்கு பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்தே கண்ணில் படக்கூடும் என்பதையும், சிகிச்சை முடிந்த இந்த வேளையிலேயே சொல்லிவைக்காவிட்டால் பிறகு சொல்வதற்கு ஆள் அகப்படுவதில்லை.

தாய்மார்களில் பலர் அம்மருந்தைப் பெயரிட்டு அறியார்கள். 'சிவப்பு ஊசி' என்றே சொல்வார்கள். குழாய் வழியே இறங்கும்போது ரோஜா சர்பத்தைப் போலிருக்கும். மறுநாள் சிறுநீரும் சிவந்து, துணைக்கிருக்கும் பாட்டியை ஒரு கணம் கதிகலங்க வைக்கும். அந்தச் சிவப்புக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியின் தென்கிழக்கில், காஸ்டெல் டெல் மோன்டே என்னும் பழங்கோட்டையின் அருகே எடுத்த ஒரு பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்று சிவந்த பொருளொன்றைச் சுரப்பதை மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர் கண்டார்கள். அதே காலத்தில் பிரெஞ்சுக்காரரும் தனியே அதைக் கண்டனர். அந்நிலத்தில் ரோமருக்கு முன் வாழ்ந்த தௌனியர் என்ற குலத்தின் பெயரையும் மாணிக்கக் கல்லின் பெயரையும் இணைத்து அதற்கு டானோரூபிசின் என்று பெயரிட்டார்கள். பின்னர் அதே குடும்பத்தில் பிறந்த டாக்சோரூபிசினுக்கு, பக்கத்திலிருந்த அட்ரியாட்டிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்ற வழக்குப் பெயர் ஏற்பட்டது. ஆந்த்ராசைக்ளின் என்னும் இக்குடும்பம் வந்த பிறகு ரத்தப் புற்றிலிருந்தும் வேறு பல புற்றுகளிலிருந்தும் மீண்ட குழந்தைகள் எத்தனையோ பேர். அதற்கும் முன்னர், 1948-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நிவாரணம் கிடைத்ததென்று முதன்முதலாக எழுதியபோது, அவர் கையாண்ட மருந்தை உருவாக்கிக் கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடமே என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். நம் தோட்டங்களிலும் கல்லறைகளின் ஓரத்திலும் கேட்பாரற்றுப் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டினும் இந்தச் சிகிச்சையில் ஒரு தூண். அதைப் பற்றிக் கால்களைக் குறித்துப் பேசும் இடத்தில் வருகிறேன்.

சிவப்பு மருந்து இருதயத்தை ஏன் தொடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருகத் துடிக்கும் புற்றணு தன் மரபிழையின் முறுக்கை அவிழ்க்க ஒரு நொதியை நம்பியிருக்கிறது. மருந்து அந்த நொதியைச் சிறைப்பிடித்து இழையை அறுத்துவிடுகிறது. அதே நொதியின் உடன்பிறப்பு ஒன்று இருதயத் தசையணுக்களிலும் குடியிருப்பதால், அவற்றுக்கும் அந்த வெட்டு விழுகிறது. மற்ற உறுப்புகளில் இழந்த அணுக்களுக்கு ஈடாகப் புது அணுக்கள் பிறக்கும். இருதயத்துக்கு அந்தப் பாக்கியம் மிகக் குறைவு. பிறந்த பின் அதன் தசையணுக்கள் எண்ணிக்கையில் அதிகம் பெருகுவதில்லை. இருப்பவை பருத்தே இருதயம் வளர்கிறது. ஆகவே நான்கு வயதில் சில அணுக்களை இழந்த குழந்தை, பதினான்கு வயதில் திடீரென்று உயர்ந்து நெடிய பிள்ளையாக நிற்கும்போது, அந்தப் பெரிய சரீரத்துக்கு ரத்தம் அனுப்பும் பாரத்தைக் குறைந்த கைகளே சுமக்க வேண்டியிருக்கிறது. நோயின் போது ஒரு குறையுமின்றி இருந்த இருதயம் பருவ வளர்ச்சியிலும், பெண்ணாயின் கர்ப்ப காலத்திலும், தன் பலவீனத்தை முதன்முதலாக வெளிப்படுத்துவது இதனால்தான்.

இது வெறும் ஊகமன்று. 1991-இல் பாஸ்டனில் ரத்தப் புற்றிலிருந்து மீண்ட 115 குழந்தைகளை, சிகிச்சை முடிந்து ஒன்று முதல் பதினைந்து வருஷங்கள் வரை கழித்துப் பரிசோதித்த ஸ்டீவன் லிப்ஷுல்ட்ஸும் அவருடைய சகாக்களும், 57 சதவிகிதத்தினருக்கு இருதயத்தின் சுருங்கும் வலிமையிலோ அது எதிர்த்துத் தள்ளவேண்டிய பாரத்திலோ மாறுதல் இருந்ததைக் கண்டார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அப்போது வெளிப்படையான உபாதை எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1970-க்கும் 1986-க்கும் இடையே சிகிச்சை பெற்ற பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர்களுடைய கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2006-இல் வெளிவந்த ஆய்வு, இருதயம் தளர்ந்துபோகும் அபாயம் இவர்களுக்குச் சற்றேறக்குறைய பதினைந்து மடங்கு என்று காட்டிற்று. பதினைந்து மடங்கு என்றதும் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அந்த வயதில் கூடப்பிறந்தவர்களுக்கு அது மிக அபூர்வமான வியாதி என்பதையும், அபூர்வமானதன் பதினைந்து மடங்கு எல்லோருக்கும் நேர்வதாகிவிடாது என்பதையும் பெற்றோர் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். அந்நாளில் கொடுத்ததைவிடக் குறைந்த அளவு மருந்தையே இக்காலத்து வைத்தியர்கள் பல நோய்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அளவு என்றேன், இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏறிய மருந்து தனித்தனியே மறைந்துபோவதில்லை. ஆயுள் முழுவதும் ஏறியவை கூடிய மொத்தத்தையே இருதயம் நினைவில் வைத்திருக்கிறது. உடம்பின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அந்த மொத்தத்தை எழுதுவார்கள். 250-ஐ எட்டினாலோ கடந்தாலோ உயர்ந்த அபாயம் என்றும், 100-க்கும் 250-க்கும் இடைப்பட்டால் நடுத்தரம் என்றும், 100-க்குக் குறைந்தால் சொற்பம் என்றும் சர்வதேச நிபுணர் குழு 2023-இல் வகுத்திருக்கிறது. மார்பின் மீது கதிர்வீச்சு, அதாவது நம் ஜனங்கள் 'கரண்டு வைத்தார்கள்' என்று சொல்லும் சிகிச்சை, 30 கிரே அளவை எட்டியிருந்தால் அதுவே தனித்து உயர்ந்த அபாயம். 100 மில்லிகிராம் மருந்தும் 15 கிரே கதிரும் சேர்ந்திருந்தாலும் அப்படியே. மருந்துகள் எல்லாம் ஒரே எடையல்ல: டானோரூபிசினுக்கு டாக்சோரூபிசினின் பாதியளவே கடுமை, மைட்டோசான்ட்ரோனுக்கோ பத்து மடங்கு. ஆகையால் 30 மில்லிகிராம் வீதம் நான்கு தடவை டானோரூபிசினும், 30 வீதம் நான்கு தடவை டாக்சோரூபிசினும் பெற்ற ஒரு குழந்தைக்கு, முன்னது 120 என்பதைப் பாதியாக்கி 60 என்றும், பின்னது 120 என்றும் கொண்டால், மொத்தம் 180. நடுத்தரம். இந்தச் சிறிய கூட்டல் கணக்குக்கு வைத்தியசாஸ்திரம் தெரிய வேண்டியதில்லை. மருந்துக் குறிப்பு மட்டும் கையில் இருக்க வேண்டும். மிகச் சிறு வயதில் மருந்து பெற்றவர்களும் பெண் குழந்தைகளும் ஒரே அளவுக்குச் சற்று அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்புதான் கையில் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பையன் தேறிய ஆறாம் வருஷம் வீடு மாற்றும்போது, 'இந்தத் தரித்திரம் இனி நம் வாசற்படி ஏறக்கூடாது' என்று பாட்டி அந்தத் தடித்த கோப்பை எரித்தே விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருஷம் கழித்து அவர்கள் சிகிச்சை பெற்ற இடத்துக்குப் போய்க் கேட்டபோது பழைய காகிதங்களைக் கழித்தாகிவிட்டது என்ற பதிலே கிடைத்தது. பையனுக்கு ஏறிய மொத்த அளவை இனி எவராலும் சொல்ல இயலாது. ஆதலால் சிகிச்சை முடிந்த அந்த மாதத்திலேயே, வைத்தியரிடம் ஒரே ஒரு பக்கத்தில் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதித் தரும்படி தாழ்மையோடும் பிடிவாதத்தோடும் கேளுங்கள்: நோயின் பெயர், கண்டறிந்த தேதி, முடித்த தேதி, ஒவ்வொரு மருந்தின் பெயரும் ஆயுள் மொத்த அளவும், கதிர் வைத்த இடமும் அளவும், அறுவை ஏதேனும் நடந்திருந்தால் அதுவும், கடைசியாக எடுத்த எக்கோவின் முடிவும். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளர் அறையில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கலாம், தவறில்லை. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991 முதல் ஒரு தனிப் பிரிவு நடந்துவருகிறது. அப்படிப்பட்ட ஏற்பாடு உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும் உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பரிசோதனைகளில் முதன்மையானது எக்கோ. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனைப் போலவே ஒலியலையால் எடுக்கப்படும் படம் அது, வலியில்லை, ஊசியில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷத்துக்குள் முதலாவது எடுக்கப்பட வேண்டும். அதன் பிறகு உயர்ந்த அபாயத்தினருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒன்று, நடுத்தரத்தினருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்ற கிரமத்தில் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறை தன்னிடமிருந்த ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதைச் சதவிகிதமாக அதில் எழுதியிருப்பார்கள். 55-க்கு மேலிருப்பது திருப்தி, 50-க்குக் கீழே இறங்கினால் இருதய நிபுணரைப் பார்க்க ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஒரே எண்ணைவிட எண்களின் போக்குக்கே அர்த்தம் அதிகமாதலால், கூடுமானவரை ஒரே இடத்தில் எடுப்பதும், பழைய அறிக்கையை ஒவ்வொரு தடவையும் கூடவே கொண்டுபோய்க் காட்டுவதும் பிரயோஜனம் தரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: 'எக்கோ நார்மல்' என்பது அன்றைய நிலைக்குச் சாட்சி, அடுத்த பத்து வருஷத்துக்கு அது ஜாமீன் கொடுக்காது.

எக்கோவுக்குச் செலவுண்டு, ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அனேகமாகச் செலவே இல்லை. ஆயினும் இந்த இரண்டாவதைத்தான் நம்மவர்கள் அசட்டை செய்கிறார்கள். 2013-இல் கிரெகரி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிவப்பு மருந்து பெற்றவர்களுக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால், இரண்டு அபாயங்களும் வெறும் கூட்டலை மிஞ்சி ஏறுவது தெரிந்தது. மருந்தின் அளவு முடிந்துபோன விஷயம், அதை எந்தப் பிராயச்சித்தத்தாலும் குறைக்க முடியாது. ரத்த அழுத்தமோ இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்து எழுதிவையுங்கள். சர்க்கரையும் கொழுப்பும் அவ்வாறே. நம் நாட்டினர் மெலிந்த தேகத்திலும் வயிற்றில் மட்டும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் சுபாவமுள்ளவர்களாதலால், 'பிள்ளை ஒல்லிதானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. சிகிச்சை நாட்களில் ஸ்டீராய்டின் அகோரப் பசியில் நள்ளிரவில் தோசை கேட்ட குழந்தைக்கு மறுக்காமல் வார்த்துக் கொடுத்த கை, அந்தப் பழக்கத்தை இப்போதும் விடமாட்டேனென்கிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட்டில் வரும் காரம் ஆகியவற்றின் உப்பைக் குறைப்பதும், புகையிலையை எந்த ரூபத்திலும் அண்டவிடாதிருப்பதும் யாவருக்கும் தெரிந்தவையாதலால் விரிக்கவில்லை.

இனி விரித்தே சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிழைத்து வந்த பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வது நம் குடும்பங்களின் அன்பு. அந்த அன்பே அவன் இருதயத்துக்கு இரண்டாவது இடையூறாக முடிவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 'ஓடாதேடா கண்ணு, மூச்சு வாங்கும்' என்கிறாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மணி அடித்தால், வைத்தியர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரத்த அணுக்கள் குறைந்திருந்த சமயத்தில் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பலத்தில், அவன் இன்னமும் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறான். ஓடாத பிள்ளைக்குத் தசை வற்றுகிறது. தசை வற்றியவனுக்குச் சிறிது ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதைக் கண்ட தாய் முன்னிலும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறாள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியார், சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டு வளர்ந்தவர்களை ஓட்டப் பொறியில் நடக்கவிட்டுப் பார்த்தபோது, இருதயத்தைத் தொடும் மருந்தே பெறாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு உழைப்பைத் தாங்கும் சக்தி குறைந்திருந்தது. அப்படியானால் அந்தக் குறைவு முழுவதையும் சிவப்பு ஊசியின் தலையில் சுமத்த முடியாது. அசையாமையும் அதில் பங்காளி.

அப்பியாசம் நன்மை செய்கிறதென்பதற்கு நம்பத்தகுந்த சான்றுகள் உண்டு. சிறுவயதில் ஹாட்ஜ்கின் வகைப் புற்றிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆராய்ச்சியில், வாரத்தில் கணிசமான நேரம் மூச்சிறைக்க உழைத்தவர்களுக்கு இருதய விபத்துகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. 2018-இல் வந்த மற்றொன்றில், எட்டு வருஷ காலத்தில் தேகாப்பியாசத்தை அதிகப்படுத்திக்கொண்டவர்களின் மரண விகிதம் 40 சதவிகிதம் தாழ்ந்திருந்தது. உடல்நலம் நன்றாக இருப்பவர்களே அதிகம் ஓடுவார்கள் என்று ஆட்சேபிக்கலாம்; நியாயமான ஆட்சேபம்தான். எனினும் எட்டு வருஷத்தில் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கும் பலன் தெரிந்திருப்பதால், நான் அப்பியாசத்தின் பக்கமே சாய்கிறேன்.

எப்படித் தொடங்குவது? அண்மையில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தால், பிள்ளைக்கு நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல், பந்து விளையாட்டு எதற்கும் பொதுவாகத் தடையில்லை. முதல் வாரத்தில் தினமும் பதினைந்து நிமிஷ நடை. வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம்: நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லையென்றால் அதுவே தக்க வேகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷத்துக்குக் குறையாமலும் இது சேர வேண்டும். ஒரே மூச்சில் சேர வேண்டியதில்லை. பாரம் தூக்கும் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, ஒரே தடவையில் பெரும் பாரத்தைத் தூக்குவது இருதயத்தின் மேல் திடீரென்று சுவர் சரிந்ததைப் போன்ற அழுத்தத்தைத் தரும். குறைந்த பாரம், பலமுறை, மூச்சை விட்டுக்கொண்டே என்பதே இவர்களுக்கு உகந்த முறை. ஜிம்மில் சேரத் துடிக்கும் கல்லூரிப் பையன், அங்கே பயிற்சி தருபவரிடம் போவதற்கு முன் இருதய வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

நித்தியகல்யாணிக்கு இப்போது வருகிறேன். வின்கிறிஸ்டின் நரம்பின் நுனிகளைத் தொடுவதால், சில பிள்ளைகளுக்குப் பாதத்தின் முன்பக்கம் சரியாக உயர்வதில்லை. செருப்பு நழுவும், சமதரையிலே தடுக்கிவிழுவார்கள், 'சோம்பேறி, காலைத் தேய்த்து நடக்கிறான்' என்று வசவும் வாங்குவார்கள். குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் பிஸியோதெரபி நிபுணரிடம் அழைத்துப் போக வேண்டும். அதுபோலவே ஸ்டீராய்டு பெற்ற பிள்ளை இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலியென்று நொண்டினால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு வைத்தியரைக் காணுங்கள். இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் குன்றி எலும்பு நலிவதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

அப்பியாசத்தின் நடுவே மயக்கம், நெஞ்சு வலி, படபடவென்று தாறுமாறான துடிப்பு ஆகியவை கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்வதும், கணுக்கால் வீங்குவதும், முன்பு ஏறிய மாடிப்படியில் இப்போது பாதியில் நிற்பதும் அவ்வாறே. இளம் பிள்ளைகளில் இருதயத் தளர்ச்சி சில சமயம் வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் பசியின்மையாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வரும். அஜீரணமென்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் எவருக்கும் பழைய சிவப்பு ஊசி நினைவுக்கு வருவதில்லை. புதிய வைத்தியர் எவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகவே அதைச் சொல்லிவிடுங்கள்.

சொல்வதுதான் நம் சமூகத்தில் கஷ்டம். பெண் பிள்ளையென்றால் மிகமிகக் கஷ்டம். வரன் பார்க்கத் தொடங்கியதும் கோப்பு பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்கே தனக்கு வந்த நோயின் பெயர் சொல்லப்படாமல், 'சின்ன வயசில் உனக்கு ரத்தம் கெட்டுப்போயிருந்தது' என்பதோடு நிறுத்தப்படுகிறது. மணமகன் வீட்டாருக்கு எதை எப்போது சொல்வதென்பது அந்தந்தக் குடும்பத்தின் மனச்சாட்சிக்கு உட்பட்டது. மறைத்துச் செய்த கல்யாணங்களால் நிம்மதி கண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரசவம் பார்க்கும் வைத்தியருக்கு அவசியம் தெரிந்தாக வேண்டும். கர்ப்ப காலத்தில் இருதயம் பம்பு செய்யும் ரத்தத்தின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆகையால் சிவப்பு மருந்தோ மார்பில் கதிரோ பெற்ற பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதங்களுக்குள்ளோ ஒரு எக்கோ எடுக்க வேண்டும். அது நன்றாக இருந்து சுகமாகப் பிள்ளை பெற்றவர்கள் அநேகர். அந்தத் தைரியத்தையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

பதினாறு, பதினேழு வயதானதும் பிள்ளையை வைத்தியரின் அறைக்குள் முதலில் தனியே அனுப்பிப் பாருங்கள். என்ன மருந்து, எவ்வளவு, கடைசி எக்கோ எப்போது என்ற மூன்று கேள்விக்கும் அவனே பதில் சொல்லக்கூடியவனாகிவிட்டால், சிகிச்சைச் சுருக்கத்தின் ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு அவன் கையில் கொடுங்கள். இன்னொரு பிரதி அவன் கைபேசியில் படமாக இருக்கட்டும், மூலம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். உறையின் மேல், அடுத்த எக்கோ எடுக்க வேண்டிய மாதத்தையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதிவையுங்கள். எடுத்து முடித்ததும் அழித்துவிட்டு அதற்கடுத்ததை அவனே எழுதிக்கொள்வான்.